கூப்பிட்டால் திரும்பாத அத்தை

என் வயதை ஒத்தவர்களே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்டி பஸ் நிலையத்தில் இறங்கி, ஏலமும் கராம்பும் மிளகும் மொத்தமாக எங்கே வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் என் கடைக்குத்தான் கையைக் காட்டுவார்கள். ஆட்டோக்காரன் விலாசம்கூடக் கேட்கமாட்டான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சந்தையில் மூட்டை தூக்கினேன். இன்று மாடி வைத்த கடை. யாருடைய சிபாரிசும் கிடையாது. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

அப்படிப்பட்ட என்னிடம் போன மாதம் என் மகன் வந்து, ஹோட்டலில் நடந்த ஒரு வகுப்புக்குப் போய்வந்தேன் என்றான். மனதை ஒரே வேலையில் நிறுத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். குளிரூட்டிய அறையாம், மெத்தென்ற பாயாம். ஆளுக்கொரு காய்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொல்லி, மோந்து பார்க்கச் சொல்லி, கடைசியில் மெதுவாக மெல்லச் சொன்னார்களாம்.

"ஒத்தத் திராட்சைக்கா காலையிலேருந்து கடைப்பக்கம் வராம இருந்த?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்கப்பா. பாத்திரம் கழுவுறப்போ பாத்திரம் மட்டும் கழுவணும். வேற நெனப்பு கூடாது. அதுலயே ஒரு சந்தோஷம் வரும்னு சொன்னாங்க."

"அதுக்கு நீ மொதல்ல பாத்திரம் கழுவணுமே?"

குசினிக்குள்ளிருந்து மருமகள் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பின்னேரம் கடையில் உட்கார்ந்து கராம்பில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தபோது சிரிப்பு போய்விட்டது. கண்ணுக்குள் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் பெரிய பெரிய ஆட்களைப் பார்த்தவன். அரசியல்காரர்கள் என் கடைக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். பேராதனைப் பெரியாஸ்பத்திரி டாக்டர்மார் என்னிடம் பேரம் பேசித் தோற்றிருக்கிறார்கள். யாரைப் பார்த்தும் நான் வாய் பிளந்து நின்றதில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர. அவள் என் அப்பாவின் தங்கச்சி. ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையில், மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள்.

அது பெருமழை ஓய்ந்த காலம். காலையில் பனிமூட்டம் லயத்துத் தகரக் கூரையின் மேல் படுத்துக் கிடக்கும். வெயில் வந்ததும் தகரம் சூடேறி டக், டக் என்று சத்தம் போடும். ஈர விறகுப் புகை கண்ணைக் கரிக்கும். அந்த மாதிரி ஒரு காலையில் அத்தையின் மாமியார் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். வத்தேகமப் பக்கத்தில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக்கொடுத்த பச்சை ட்ரங்குப் பெட்டி, மூடியில் ரோசாப்பூ வரைந்தது, அதுவும் கூடவே திரும்பி வந்திருந்தது.

"இந்தாங்க ஒங்க தங்கச்சி. அடிச்சு வெரட்டுனேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது. பத்தரமா கொண்டாந்து வுட்டுட்டேன்."

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. "என்னாங்க நடந்திச்சு?"

"என்னா நடக்கல? கூப்புட்டாத் திரும்பமாட்டேங்குறா. எம் மகன் பேக்கரியில மா பெசஞ்சு, கை ஓஞ்சுபோயி வந்து, புள்ள புள்ளன்னு வாசல்ல நிக்கிறான். இவ செம்பத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பக்கத்து வீட்டு ஆளுங்க எட்டிப் பாத்துச் சிரிக்குது. கூப்புட்டாத் திரும்பாத பொண்டாட்டியக் கட்டுனவன்னு அவனுக்குப் பேரே வச்சிட்டாங்க."

"காது கீது..." என்று அம்மா இழுத்தாள்.

"காதெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. பால்காரன் மணி பஸ் ரோட்டுல அடிச்சா வீட்டுக்குள்ளேருந்து சொல்லிருவா. கையில வேலை இருந்தாத்தான் போயிர்றா. ஆளு இங்க இருக்கும், உசுரு வேற எங்கயோ இருக்கும். பாத்தா நமக்கே ஒடம்பு நடுங்குது. என்னா புடிச்சிருக்குன்னு பாருங்க. ஓட்ட வேண்டியத ஓட்டிட்டு, திரும்புற புள்ளையா அனுப்புங்க. இல்லன்னா இங்கயே கெடக்கட்டும்."

இவ்வளவும் நடக்கும்போது அத்தை ட்ரங்குப் பெட்டியில் உட்கார்ந்து, கைப்பிடியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது விளங்கவே இல்லை. இவள் வாழ்க்கையைப் பற்றித்தானே பேசுகிறார்கள்?

ஆனால் மாமியார் போன பிறகு, அடுப்படியில் அவள் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"நான் வேணும்னேவா செய்யிறேன்? கேக்கலண்ணே. சத்தியமா கேக்கல. அவரு கூப்புட்டு நான் திரும்பாம இருப்பேனா?" என்று முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவளுக்குத் தன் புருஷனை, எங்கள் மாமாவை, அவ்வளவு பிடிக்கும். மாமா தலையில் மா ஒட்டியிருப்பதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, அழுகைக்கு நடுவில் சிரித்தாள். திரும்பிப் போகவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. எப்படித் திரும்புவது என்றுதான் தெரியவில்லை.

அந்த நாட்களில் நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பேயைப் பார்க்கும் பயத்தோடு பார்த்தார்கள். நான் வேறு மாதிரி பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம், ஆனால் முதலில் எனக்கும் பயம்தான். பிறகு பயம் போய், வேறொன்று வந்தது.

பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போவாள். குழாயிலிருந்து மலைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி விழும். மற்றப் பெண்கள் வாயாலும் கையாலும் சேர்ந்து துவைப்பார்கள். லயத்துச் செய்தியெல்லாம் அங்கேதான் அலசப்படும். அத்தை ஒரு சட்டைக் காலரைக் கல்லில் விரித்துச் சவர்க்காரம் போட்டாள் என்றால், உலகத்தில் அந்தக் காலர் மட்டும்தான் இருக்கும். நுரை கறுத்து, பிறகு சாம்பல் நிறமாகி, பிறகு வெள்ளையாகும். அந்த வெள்ளை வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சிரிப்பு என்று சொல்லமுடியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாயின் முகத்தில் வருமே, அந்த மாதிரி.

அம்மாவின் பித்தளைச் செம்பை அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அதில் லயத்து வரிசை முழுதும் வளைந்து தெரியும். அந்தச் செம்பு பின்னால் எங்கே போனதென்று தெரியாது. அதைப் போல ஒன்று வேண்டுமென்று கண்டிக் கடைகளில் தேடியிருக்கிறேன். வாங்கியும் இருக்கிறேன். பளபளக்கிறது, அவ்வளவுதான்.

ரொட்டி தட்டுவாள். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த மாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தட்டும் சத்தம் அடுத்த வீட்டுக் காம்பரா வரை கேட்கும். ஒரே சீராக இருக்கும். நான் பசியோடு காத்திருப்பேன், ஆனால் சீக்கிரம் முடியக்கூடாது என்றும் இருக்கும்.

இன்று எனக்கு விளங்குகிறது. எங்கள் லயத்தில் ஒரு பெண் தன் வேலையில் சந்தோஷமாக இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வேலை என்றால் துன்பம், முதுகு முறிவு, கங்காணியின் ஏச்சு. அதில் ஒருத்தி சந்தோஷப்படுகிறாள் என்று நம்புவதைவிட, அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

பிறகுதான் என் விஷயம் நடந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அத்தை இஸ்தோப்பில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கொடுக்கிற அரிசியில் கல்லும் நெல்லும் வண்டும் சரிசமமாக இருக்கும். பையன்கள் பந்தடிக்க வருவதற்குள் பொழுது போகட்டும் என்று நானும் எதிரே உட்கார்ந்து, சுளகின் ஓரத்திலிருந்த அரிசியைக் கிளற ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதலில் கல் எது, அரிசி எது என்றே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. பிறகு, எப்படிச் சொல்ல, அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒன்று பால் நிறம், ஒன்று கண்ணாடி மாதிரி, ஒன்றின் முதுகில் சிவப்புக் கோடு. விரல் தானாகப் போனது. கல் தானாக விரலில் ஏறியது. பசி எங்கே போனது? பந்து எங்கே போனது? நான் என்ற ஆளே எங்கே போனான்? ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஒன்று வெதுவெதுவென்று நிறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ சந்தோஷங்களை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதற்கு ஈடாக ஒன்றும் அமையவில்லை.

முதுகில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா நின்றாள். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த கோலம், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு.

"எவ்வளவு நேரமாடா கூப்புடுறேன்! பாதையிலேருந்து கத்திக்கிட்டு வாறேன். ஒனக்கும் தொத்திக்கிச்சா?"

அடுத்த காம்பராக்காரி கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தாள். "நான் சொன்னேனே அக்கா! அது ஒரு ஆளோட நிக்காது. எளசாப் பாத்து ஏறும். பையனையும் கொண்டு போகப்போகுது, பாத்துக்க."

அம்மா என்னை மார்போடு இறுக்கிக்கொண்டு அழுதாள். அத்தையின் முகம் அப்போதுதான் நிமிர்ந்தது. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளும் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு என் பக்கமே அவள் வரவில்லை. எந்த வேலையைத் தொட்டாலும் நடுவில் நடுவில் நிறுத்தி, யாரும் கூப்பிட்டார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ரொட்டி ஒரு பக்கம் கருகியது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்பா பூசாரியிடம் போனார். எங்கள் பூசாரி கிழமை நாளில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர். மற்ற நேரத்தில் முனியாண்டி கோயில் அவர் கையில். அவர் உடுக்கையை எடுத்தால் பக்கத்துத் தோட்டத்துப் பேய்கூடப் பெட்டி கட்டும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று முடிவானது. வத்தேகமைக்கும் சொல்லி அனுப்பினார்கள். மாமியார் வந்தார். மாமாவும் வந்தார். மாமா லயத்துப் பக்கம் வராமல், கோயில் மரத்துக்கு அப்பால் ஒரு கல்லில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தையையும் என்னையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். கழுத்தில் வேப்பிலை. சுற்றிலும் லயத்து ஆட்கள் எல்லாம் நின்றார்கள். பந்தடிக்கிற பையன்கள் மரத்தில் ஏறியிருந்தார்கள்.

அப்போதுதான் சாமிக்கு மாலை கட்டவில்லை என்று பூசாரி சத்தம் போட்டார். சுளகு நிறையச் செவ்வந்தியும் வாழைநாரும் அப்படியே கிடந்தன. "நீ கட்டுறேன்னியே" என்று அம்மா. "நீங்க கட்டுறீங்கன்னு நான் நெனச்சேன்" என்று அடுத்த காம்பராக்காரி. இரண்டு பேரும் கோயில் வாசலிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். சுளகு அத்தையின் முன்னால் இருந்தது. அவள் சண்டையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். கை தானாகப் பூவுக்குப் போய்விட்டது.

"சரி, கட்டட்டும், கட்டட்டும்," என்று பூசாரி உடுக்கையை எடுத்தார். கண்ணை உருட்டி, குரலை உயர்த்தி, "யாரு நீ? பீலிக்கரையா, பாலத்தடியா? எங்கேருந்து வந்த? சொல்லு!" என்று அதட்டினார்.

நான் பயத்தில் என் பேரையும் வகுப்பையும் சொல்லிவிட்டேன்.

மரத்திலிருந்த பையன்களில் ஒருவன் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தான். பூசாரி என்னை முறைத்துவிட்டு அத்தையின் பக்கம் திரும்பினார். அவள் கண் பூவிலேயே இருந்தது. இரண்டு பூ வைத்து, நாரைச் சுற்றி, இழுத்து, அடுத்த இரண்டு பூ வைத்தாள்.

உடுக்கை அதிர ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த எனக்கு அந்தச் சத்தம் பல்லில் ஏறியது. கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணுக்கு உடம்பு ஆடத் தொடங்கிவிட்டது. அத்தை மட்டும் அசையவில்லை. பூசாரிக்கு வேர்த்தது. வேகத்தைக் கூட்டினார். உறுமினார். காதருகே வந்து அடித்தார். அத்தையின் விரல்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன, பூ, பூ, சுற்று, இழு.

பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. அவ்வளவு வேகமாய் அதிர்ந்த உடுக்கை மெல்ல மெல்ல இறங்கி வந்தது. இறங்கி வந்து, அத்தையின் விரலோடு சேர்ந்துகொண்டது. பூ வைக்கும்போது ஒரு தட்டு, நார் இறுகும்போது ஒரு தட்டு. பூசாரியின் கண் மூடியிருந்தது. அவர் அவளை ஓட்டவில்லை. அவள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஆடின பெண் அடங்கிவிட்டாள். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. அந்த மலையில் கொழுந்துச் செடிகூட அசையவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். கோயில் கல்லுக்குள் இருந்த சாமியே வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறது என்றே நினைத்தேன்.

பூசாரி கண்ணைத் திறந்தார். உடுக்கையை நிறுத்தினார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இது பேய் இல்ல," என்றார்.

"என்னாங்க பூசாரி?" என்று அப்பா.

"பேய் இல்லங்கிறேன். உடுக்க கையில ஏறுனா எனக்கு என்னா வருதோ, அதுதான் இந்தப் புள்ளைக்கு வருது. அப்ப எம் பொஞ்சாதி தொண்ட கிழியக் கத்துனாலும் எனக்குக் கேக்காது. அதுக்காக எம்மேல ஒரு பூசாரிய ஏவி உடுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அம்மா என் தலையைத் தடவினாள். அப்பாடா என்று நான் நினைத்தேன். சின்னப் பிள்ளைதானே. பெரியவர்களின் கணக்கு எனக்குத் தெரியாது.

மாமியார் எழுந்தார். "பேய் இல்லையா? அப்பத் திமிரு! பேயின்னா பாவம், அது பண்ணுதுன்னு பொறுத்துக்கலாம். பேயும் இல்லாம, காதும் கேட்டுக்கிட்டு, புருசன் கூப்புட்டாத் திரும்பமாட்டேன்னா அதுக்கு என்னா பேரு?"

அப்பா பதறிப்போனார். பூசாரியைத் தள்ளிக்கொண்டுபோய், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி கெஞ்சினார். "பேய்தான்னு சொல்லிருங்க பூசாரி. ஓட்டியாச்சுன்னும் சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முனியாண்டி முன்னால நின்னுக்கிட்டா? ஆள வுடுப்பா."

"வேணாம்," என்றார் மாமியார். "ஒருத்தரும் பொய் சொல்லவேணாம். எம் மகன் இப்பக் கூப்புடட்டும். மொதல் தரத்துல திரும்புனா, இந்த நிமிசமே பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டுப் போறேன். திரும்பலன்னா அவ இங்க, நாங்க அங்க. முடிஞ்சிச்சு. டேய், வாடா!"

மாமா கல்லிலிருந்து எழுந்து வந்தார். நெட்டையான ஆள், முழங்கை வரை மாவு வெள்ளை போகாத கை. கூட்டம் வழி விட்டது. அத்தைக்கு நாலடி தூரத்தில் வந்து நின்றார்.

அத்தை கட்டிக்கொண்டே இருந்தாள். சுளகில் பூ குறைந்துகொண்டு வந்தது.

அம்மா எதிரே நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். கிள்ளு, கிள்ளிவிடு என்று உதட்டை அசைத்தாள். அத்தையின் முழங்கால் என் கைக்கு எட்டுகிற தூரம்தான். கையை நீட்டினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பீலிக்கரையில் பார்த்த அந்த வெளிச்சம், அதைவிட அதிகமாய், நெற்றித் திருநீற்றுக்குக் கீழே. அரிசிக்குள் நான் காணாமல் போனேனே, அந்த இடத்தில்தான் இவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே இருக்கிறவர்களை எப்படிக் கிள்ளுவது? கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமா வாயைத் திறந்தார். 'பு' என்று உதடு குவிந்ததை நான் பார்த்தேன். கண் அத்தையின் விரலுக்குப் போனது. குவிந்த உதடு அப்படியே நின்றது. மா பிசைகிற கைக்கு என்ன விளங்கியதோ, அவரைக் கேட்டால்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு, சறுக்கி உட்காருகிற மாதிரி மெதுவாக, மண்ணில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"கூப்புடுடா!" என்றார் மாமியார்.

மாமா திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார். "இருங்கம்மா. கொஞ்சப் பூவுதான் மிச்சம்."

"பஸ் போயிரும்டா!"

"போகட்டும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போனார். கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. பூசாரி உடுக்கையைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கால் சத்தம் கேட்காமல் போனார். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்துக்கு முன்னால் அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்ததே அன்றுதான். என்னைக் கூப்பிட எல்லோருக்கும் மறந்துபோனது. மலை நிழல் கோயில் மரத்தைத் தாண்டி வந்தது. கீழே கண்டி வாவியின் பக்கம் மூட்டம் ஏறியது. மாமா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கடைசிப் பூவை வைத்தாள். நாரை இழுத்து முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்தாள். மாலையை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாள். மாலைக்குப் பின்னால் மாமாவின் முகம் இருந்தது.

"அய்யோ," என்றாள். "எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் புள்ள," என்றார் மாமா.